ஆயிரத்து இருநூறு சுற்று

அத்தியாயம் 9

அரிசி அளவு ஓட்டை ஒரு குடும்பத்தை என்ன பாடுபடுத்தும் என்று போன வாரம் பார்த்தோம். கரி இஸ்திரிப் பெட்டியின் அந்த ஓட்டை வழியாகத் தெறித்த சிரட்டைக் கங்கு ஜப்பானியக் கேப்டனின் சட்டைக் கையில் விழுந்தது. சலவைக்காரன் பரஞ்சோதியின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன. இனிமேல் நெருப்பே கூடாது என்று சொல்லி, ஓடிப்போன தோட்டத் துரை ஒருவரின் பங்களாவிலிருந்து எடுத்த கரண்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

பெட்டி கொடுத்தவர்கள் கரண்டு கொடுக்கவில்லை. அடுத்த நாளே மலாயாவின் சுங்கை பட்டாணி ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டுக்கு மாதம் பதினைந்து யூனிட்டுக்குள். பதினைந்தைத் தொட்டாலே கம்பி வெட்டப்படும்.

யூனிட்டுக்கு எத்தனை சென்ட் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை இப்போது கோழிகூடக் கொத்தாது. இந்த வீட்டில் ஒரு யூனிட்டின் விலை பரஞ்சோதி.

கம்பி போனால் பெட்டி சூடாகாது. பெட்டி சூடாகாவிட்டால் ஆபீசர்கள் மெஸ்ஸுக்கு அவன் தேவையில்லை. மெஸ்ஸுக்குத் தேவையில்லாதவன் கையில் ராணுவ வேலைக்கான சிவப்புப் பட்டை இருக்காது. பட்டை இல்லாத கைகளைத்தான் அவர்கள் சயாமுக்கு ரயில்பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பரஞ்சோதியின் மனைவி மருதம்மாளின் ஒரே தம்பி பழனியாண்டியைச் சுங்கை லாலாங் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து அப்படித்தான் ஏற்றிப் போனார்கள். பத்து வாரம் ஆகிறது. ஒரு சேதியும் இல்லை.

நோட்டீஸ் ஒட்டி இருபத்தெட்டாவது நாளான அன்று காலை பரஞ்சோதியின் தங்கை புஷ்பவள்ளி மீட்டர் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தாள். போன தடவை குறித்த எண் நானூற்றுப் பன்னிரண்டு. இப்போது நானூற்று இருபத்தைந்து விழ ஒரு நூலிழை பாக்கி; பக்கத்தில், யூனிட்டின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிவப்பு முள் சைபரை நெருங்கியிருந்தது.

"பதிமூணு போயிருச்சு அண்ணே. இன்னும் ரெண்டுதான் இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல கரண்டு ஆபீஸ்காரரு வர்றாரு."

சொல்லிக்கொண்டே போய்ச் சாமி படத்துக்கு மேலே எரிந்த பல்பை அணைத்தாள்.

"அந்தச் சின்ன பல்பு என்னத்தத் தின்னப் போவுது, வள்ளி?" என்றான் பரஞ்சோதி. மெஸ்ஸின் பின்கட்டில்தான் அவனுக்குச் சலவை வேலை. அவித்த மரவள்ளிக் கிழங்கை வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக இரண்டு பொட்டலமாகக் கட்டுகிறான். வேலை கூடினால் பசியும் கூடும் என்று வீட்டுப் பெண்கள் கேட்காமல் விட்டுவிட்டார்கள். கட்டி முடித்து மாடிக்குப் போனான். மாடி அறையில் பழைய சாமான்கள் கிடந்தன. இறங்கி வந்து அறைச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

புஷ்பவள்ளிக்கு இருபத்திரண்டு வயது. சண்டை வருவதற்கு முன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். அம்மாவும் அப்பாவும் போனபின் அண்ணன் வீட்டையும் இந்த டோபிக் கடையையும் அவள்தான் தாங்கினாள். எட்டு மாதத்துக்கு முன் அண்ணன், ரப்பர்த் தோட்டத்தில் பட்டை சீவிப் பால்மரம் வெட்டிய மருதம்மாளைத் தாலி கட்டி அழைத்துவந்தான். மூன்றாம் வகுப்புப் படிப்பு. காய்ப்பு விழுந்த கை. அவளை அன்றிலிருந்து இன்றுவரை புஷ்பவள்ளி ஒருதடவைகூட அண்ணி என்று கூப்பிட்டதில்லை. "இந்தா", "இங்கே பாரு", அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு மெஸ் லாரி வந்து நின்றது. வழக்கமாக மூன்று நான்கு செட்டுதான் வரும். அன்று டிரைவர் மாட் நோர் மூட்டை மூட்டையாக இறக்கினான். சட்டையும் கால்சட்டையுமாக முப்பது செட்டு. பெரிய தளபதி யாரோ வருகிறாராம். நான்கு மணிக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

புஷ்பவள்ளி பெட்டியின் பிளக்கைச் செருகிவிட்டுத் துணிக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். 

"ரெண்டு யூனிட்ல முப்பது செட்டா? நடக்காது. காத்தாடிய நிறுத்து. கடை பல்ப அணை. எல்லாத்தையும் நிறுத்து!"

"நிறுத்தியாச்சு, வள்ளி" என்றாள் மருதம்மாள். அவள் மீட்டருக்கு எதிரே நின்றிருந்தாள். "ஆனா இந்தச் சக்கரம் ஏன் பேய் புடிச்ச மாதிரி ஓடுது?"

கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு ஒன்று படுத்தவாக்கில் சுழன்றுகொண்டிருந்தது. விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. வருவதும் மறைவதுமாக இருந்தது.

"பெட்டி சூடாகுதுல்ல, ஓடத்தான் செய்யும்."

"பெட்டி சூடாகுது, சரி. தேய்க்கலியே இன்னும்?"

"கரிப்பெட்டிய யாராச்சும் நடுவுல அணைப்பாங்களா? மறுபடி மூட்டுறதுக்குள்ள மூணு செட்டு முடிச்சிரலாம். இது டோபிக் கடை. உங்க லயம் இல்ல."

 மருதம்மாள் நடந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். புஷ்பவள்ளி வாயைத் திறப்பதற்குள், "அங்க பாரு" என்றாள்.

தட்டு அசையாமல் நின்றது.

"அந்தத் தகட்டுல குட்டி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, அது என்ன? உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே."

ஐந்து வருஷமாகப் பார்க்கும் எழுத்து. ஒருநாளும் அர்த்தம் கேட்டுப் படித்ததில்லை. புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். "அறுநூறு தடவ சுத்துனா ஒரு யூனிட்டுன்னு போட்டிருக்கு."

"அப்ப நம்ம கையில இருக்கறது ஆயிரத்து எரநூறு சுத்து" என்றாள் மருதம்மாள். மரம் எண்ணுகிறவளைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். "அதுக்குள்ள முப்பது செட்டு. வா, எது எவ்வளவு குடிக்குதுன்னு முதல்ல பாத்துருவோம்."

"நேரம் போவுதுடி!"

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பயந்து கத்தி தீட்டாம ஓடுனவ, பாதி மரநிரையில உக்காந்து அழுவா. நீ கடிகாரத்தப் பாரு. நான் கோட்டப் பாக்குறேன்."

முதலில் பல்பை மட்டும் போட்டார்கள். சிவப்புக் கோடு நத்தைபோல நகர்ந்தது. ஒரு சுற்று முடிய நான்கு நிமிஷம். அடுத்து காத்தாடி. கடகடவென்று இரைச்சல் போடும் அந்தக் கிழட்டுக் காத்தாடிதான் வீட்டுக் கரண்டைத் தின்கிறது என்று புஷ்பவள்ளி இந்த மாதம் முழுக்க அதை நிறுத்தி, எல்லோரையும் வேர்வையில் குளிக்க வைத்திருந்தாள். நான்கு நிமிஷத்துக்கு இரண்டே சுற்று.

கடைசியாகப் பெட்டி. மருதம்மாள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டைக்குள் போட்டாள். டொக். டொக். டொக். நான்கு நிமிஷம் ஆனதும் கொட்டினாள். பதினெட்டு கொட்டைகள். இத்தனையும் ஓடியதில் சிவப்பு முள் இப்போதுதான் சரியாகச் சைபருக்கு வந்திருந்தது.

இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள். சத்தமில்லை, வெளிச்சமில்லை. பூனைபோல உட்கார்ந்திருந்தது.

"ஒம்பது காத்தாடி" என்றாள் புஷ்பவள்ளி மெதுவாக.

"பதினெட்டு பல்பு. நாம சாமிக்கு எரிஞ்ச பல்ப அணைச்சிட்டு, இத சும்மா தூக்கித் தூக்கி வச்சிருக்கோம்." மருதம்மாள் குரலில் குத்தல் இல்லை. "நீ ஒரு செட்டுக்குப் பத்து நிமிசம் எடுக்கிற. அதுல தேய்க்கிறது ஆறு. தண்ணி தெளிக்க, மடிக்க நாலு. அந்த நாலு நிமிசமும் பெட்டி குடிச்சிக்கிட்டே இருக்கு. பால் புடிக்க மங்கு வைக்காம மரத்த வெட்டுனா பால் எங்க போவும்? மண்ணுக்குத்தான்."

புஷ்பவள்ளி துணியில் குறி போடும் சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் பெருக்க ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. முப்பது செட்டுக்கு...

"ஆயிரத்து முன்னூத்தம்பது. தாங்காது" என்றாள் மருதம்மாள், மேலே பார்த்தபடி. "ஆறு நிமிசம்னா இருவத்தேழு. பத்து செட்டுக்கு எரநூத்தி எழுவது, முப்பதுக்கு எண்ணூத்திப் பத்து. தாங்கும்."

புஷ்பவள்ளியின் சுண்ணக்கட்டி அப்போதுதான் இரண்டாவது வரியைத் தொட்டிருந்தது. அவள் கூட்டி முடித்துச் சரிபார்த்தாள். எண்ணூற்றுப் பத்து. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால் விரலால் அழித்தாள்.

வேலை தொடங்கியது. எல்லாத் துணிக்கும் முதலிலேயே தண்ணீர் தெளித்துச் சுருட்டி, ஈரம் காயாமல் சாக்கில் மூடி வைத்தார்கள். பிளக்கைச் செருகினால் முதலில் கால்சட்டை, அதன்பின் சட்டையின் முதுகு. ஆறாவது நிமிஷம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தணிந்துவரும் சூட்டிலேயே காலரும் கைப்பட்டியும். அந்தச் சூடு காலருக்குப் போதும் என்று எட்டு வருஷமாக இஸ்திரி போடும் புஷ்பவள்ளிக்குத் தெரியாது. அன்றுதான் தெரிந்தது.

ஒரு செட்டு முடிந்தால் சிரட்டையில் ஒரு கொட்டை. "தோட்டத்துல இருபது மரத்துக்கு ஒரு ரப்பர் கொட்டைய மடியில போட்டுக்குவேன்" என்றாள் மருதம்மாள். "கணக்கெழுதுற கிராணி கொறச்சு எழுதுனா அவன் மேசையில கொட்டிருவேன். எண்ணிக்கோங்க சாமின்னு."

"திட்டமாட்டானா?"

"திட்டுவான். ஆனா எண்ணுவான்."

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு காலரைத் திருப்பினாள்.

பதினோரு மணிக்கு லாரி மறுபடி வந்தது. மாட் நோர் இன்னொரு மூட்டையோடு குதித்தான். அவன் முகத்திலும் பயம்தான். "காக், லகி துவா பெலாஸ்!"

இன்னும் பன்னிரண்டு.

லாரி போனதும் புஷ்பவள்ளி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "முடிஞ்சிச்சு. அண்ணன் பேர அவங்க லிஸ்ட்ல எழுதிக்கட்டும். அண்ணி, இனி என்னால ஆவாது."

சொன்னபின்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. மருதம்மாள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் நாப்பத்திரண்டு. ஆயிரத்து நூத்தி முப்பத்திநாலு சுத்து. இன்னும் அறுபத்தாறு மிச்சம் இருக்கு. எழுந்திரி."

"அறுபத்தாறுதானே?"

"அறுபத்தாறு இருக்குலா! எழுந்திரிடியம்மா!"

பன்னிரண்டு மணிக்கு வானம் இருண்டது. ஜெராய் மலைப் பக்கமிருந்து வந்த மழை தகரக் கூரையில் இரும்புக் குண்டுகளாக விழுந்தது. கடைக்குள் கண் தெரியவில்லை. புஷ்பவள்ளியின் கை சுவிட்சுக்குப் போனது.

"வேணாம்."

"மடிப்பு எங்க விழுதுன்னு தெரியல அண்ணி. கோணலா விழுந்தா அதுக்கும் அடிதான்."

"கண்ணுக்குத் தெரியாட்டி விரலுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னால இருட்டுல மரம் வெட்டுறவ நான். பட்டைய வெட்டணும், மரத்துல காயம் படக்கூடாது. இத்துணூண்டுதான் இடம்." அவள் பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டாள். இடது கைக் கட்டைவிரல் கால்சட்டைத் தையலைத் தடவிக்கொண்டே முன்னால் போக, பெட்டி அதன் பின்னாலேயே போனது. தூக்கிப் பார்த்தால் கத்தி முனைபோல மடிப்பு நின்றது. காய்ப்பு விழுந்த கை என்று புஷ்பவள்ளி எட்டு மாதமாக முகம் சுளித்த அதே கை.

ஓர் இடி அருகில் எங்கோ விழுந்தது. வீடே அதிர்ந்தது.

"என் தம்பியா இருந்தா இந்நேரம் கத்தி ஊரக் கூட்டியிருப்பான்" என்றாள் மருதம்மாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இடியும் ஆவாது, இருட்டும் ஆவாது பழனியாண்டிக்கு. பதினெட்டு வயசு ஆம்பளப் பையன், பக்கத்துல வெளக்கு எரியணும். லயத்துல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. சயாம் காட்டுல யாரு வெளக்குக் கொடுக்கப் போறா?"

ஆறு நிமிஷம் முடிந்திருந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு கொட்டையைப் போட்டாள். 

மழை விட்ட பிறகும் வானம் வெளுக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு நாற்பத்திரண்டாவது கொட்டை சிரட்டையில் விழுந்தது. நான்கு மணிக்கு லாரி வந்தது. அதில் பரஞ்சோதியும் வந்தான். மாட் நோர் அடுக்குகளை எண்ணி, ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாகுஸ்" என்று மெச்சி நாக்கைத் தட்டிவிட்டுப் போனான்.

புஷ்பவள்ளி ஓடிப்போய் மீட்டர் கதவைத் திறந்தாள். சிவப்பு முள் ஒன்பதைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கணக்குப்படி அதுதான்.

முள் ஒன்பதைத் தாண்டி, சைபரை முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு மயிரிழை. அது விழுந்தால் நானூற்று இருபத்தேழு, முழுப் பதினைந்து.

"அண்ணி!"

மருதம்மாள் வந்து பார்த்தாள்.  "என் கணக்கு தப்பாதே..." சிரட்டையைக் கொட்டி எண்ணினாள். நாற்பத்திரண்டு. திரும்பவும் எண்ணினாள். பிளக் வெளியே கிடந்தது. காத்தாடி நின்றிருந்தது. கடை பல்பும் சாமி பல்பும் இருட்டாக இருந்தன.

தட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

மெதுவாக, நத்தைபோல, சிவப்புக் கோடு கண்ணாடியின் ஓரத்திலிருந்து வந்தது. ஒன்றுமே எரியாத வீட்டில் எதுவோ எரிந்துகொண்டிருந்தது.

தெருவில் சைக்கிள் மணி. கரண்டு ஆபீஸ் இராசையா மூன்று கடை தள்ளி, சீனன் கோப்பிக் கடை வாசலில் நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறியிருந்த ஆள் அந்தக் கடைக்குப் போகும் கம்பியை வெட்டினான். கம்பி பாம்புபோல நடைபாதையில் சுருண்டு விழுந்தது.

"இன்னும் எத்தன சுத்து தாங்கும்?" என்றாள் புஷ்பவள்ளி.

"விரல் விட்டு எண்ணிரலாம்." மருதம்மாளின் கண் தட்டில் இருந்தது. உதடு அசைந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பரஞ்சோதி அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு மாடிப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். மேலே பூட்டுத் திறக்கும் சத்தம். பிறகு ஒரு சுவிட்ச் சத்தம்.

தட்டு நின்றது.

"எல்லாரும் என்னை யமனைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்" என்று சொல்லிக்கொண்டே இராசையா உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நனைந்த தொப்பியைக் கழற்றி உதறினார். "நான் என்ன செய்ய, பிள்ளை? பதினைஞ்சைத் தொட்டாலே வெட்டு எண்டு ஓடர். மீற்றர் எங்க?"

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். புஷ்பவள்ளி அண்ணியின் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"நானூற்று இருபத்தாறு." இன்னும் கிட்டப் போனார். "இருபத்தேழாகேல்லை. ஒரு நூல் கிடக்கு. பதினாலு யூனிற். நல்லாத்தான் எண்ணி எரிச்சிருக்கிறியள்! இந்தத் தெருவில இண்டைக்கு வெட்டாத வீடு இது இரண்டாவது."

"எங்க அண்ணி எண்ணுனாங்க" என்றாள் புஷ்பவள்ளி. தலை தானாக நிமிர்ந்தது.

இராசையா எழுதினார். எழுதிய கை நின்றது. மீட்டரிலிருந்து கிளம்பிச் சுவரோடு மாடிக்கு ஏறிய ஒற்றைக் கம்பியை அவர் கண் பின்தொடர்ந்து போனது.

"மேல ஆரும் குடியிருக்கினமோ?"

"இல்லீங்க ஐயா" என்று படியில் இறங்கி வந்துகொண்டிருந்த பரஞ்சோதி சொன்னான். "பழைய சாமான்தான்."

"ம்" என்றார் இராசையா. புத்தகத்தில் இன்னொரு வரி எழுதினார். அது என்ன என்று புஷ்பவள்ளியால் படிக்க முடியவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சைக்கிள் மணி தேயும்வரை மூவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பரஞ்சோதியின் கையில் சிவப்புப் பட்டை பத்திரமாக இருந்தது. அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"நாலு நிமிசத்துக்கு ஒரு சுத்து" என்றாள் மருதம்மாள். "நின்னு எண்ணுனேன். அது பல்பு."

"மருதம்..."

"காலையில எல்லாத்தையும் அணைச்சப்ப சக்கரம் நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன். என் கணக்குக்கு மேல அறுபது சுத்து போயிருக்கு. அறுபது பல்புச் சுத்துன்னா நாலு மணி நேரம். பன்னெண்டு மணியிலேருந்து." அவள் குரல் மிக அமைதியாக இருந்தது. "பன்னெண்டு மணிக்குத்தான் இருட்டிச்சு. இடி இடிச்சிச்சு."

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பொட்டலமாகக் கட்டிய கிழங்கு புஷ்பவள்ளியின் நினைவுக்கு வந்தது. அண்ணன் அவ்வளவு சாப்பிடுகிறவன் அல்ல. என்றுமே அல்ல. தன் கையிலுள்ள பட்டையைப் பணயம் வைத்து மூன்று நாளாக இந்த மனிதன் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான்.

"எப்பிடி இருக்கான்?" என்று மருதம்மாள் கேட்டாள்.

"சயாம்லேருந்து தப்பிச்சு வந்திருக்கான். நடக்க முடியல. கால் புண்ணு. உனக்குத் தெரிஞ்சா உன் முகத்துல தெரியும்னுதான்..."

அவள் கேட்டு முடிக்கவில்லை. முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.

புஷ்பவள்ளி வாசலுக்குப் போனாள். கரிப்பெட்டியை எடுத்து நடையில் வைத்து, வேலை இருக்கிறவள்போலச் சாம்பலைத் தட்டத் தொடங்கினாள். தெருவின் இரண்டு பக்கமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். கோப்பிக் கடை வாசலில் இராசையா இன்னும் போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்று, இந்த வீட்டின் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.